நெஞ்சு படபடப்பும் குடும்ப வழி இதய நோயும்: அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 31 ஆண்டுகள் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் அப்பா தோட்டத்து டிரஸர், அதாவது தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த உதவியாளர். ஆகவே, கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது கையை நீட்டி "மிஸ்ஸி, கொஞ்சம் நாடி பாருங்க" என்பார்கள். நெஞ்சைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஹார்ட் அட்டாக்கும் துடிப்புக் கோளாறும் ஒன்றுதானே?

இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது ஹார்ட் அட்டாக். துடிப்புக் கோளாறில் குழாய் நன்றாகவே இருக்கலாம். துடிக்கச் சொல்லும் மின்சாரக் கட்டளைதான் பிசகுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் ஒருவர் மணி அடிப்பார், எல்லாரும் வரிசைக்கு வருவார்கள். இதயத்தின் வலது மேலறையில் அப்படி ஒரு மணி அடிப்பவர் இருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அடிப்பார். அந்தச் சத்தம் நடுவில் இருக்கும் ஒரே வாசல் வழியாகக் கீழறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மணி அடிப்பவர் அசந்தால் துடிப்பு குறையும். வாசல் அடைத்துக்கொண்டால் 'ஹார்ட் பிளாக்'. வாசலுக்குப் பக்கத்தில் திருட்டு வழி ஒன்று பிறவியிலேயே இருந்தால், கட்டளை அதன் வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடி இதயம் 180, 200 என்று பறக்கும். மேலறை முழுக்க ஆளாளுக்கு மணி அடித்தால் அது 'எட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. கீழறையில் அந்தக் கூச்சல் கிளம்பினால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

ஒன்று இன்னொன்றைக் கொண்டுவருவதும் உண்டு. அட்டாக் வந்தவர் சட்டென்று விழுந்து இறப்பது பெரும்பாலும் கீழறை நடுங்குவதால்தான்.

எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். "ஒரு துடிப்பு விட்டுப்போய் அப்புறம் டொம் என்று அடிக்கிறது" என்பவர்களுக்கு வருவது நேரத்துக்கு முன்பே முந்திக்கொண்டு வரும் ஒரு துடிப்பு. நல்ல இதயத்திலும் அது உண்டு. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மூன்றாவது கிளாஸ் கோப்பி, பரீட்சை பயம் என்று சாதாரணக் காரணங்கள் நிறைய. ஆற்றல் பானத்தை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு லோரி ஓட்டுபவர்களை நான் தனியாகத் திட்டியிருக்கிறேன்.

உடனே பார்க்க வேண்டியது எது தெரியுமா? படபடப்போடு மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், ஓடும்போதோ செம்பனைக் குலை வெட்டும்போதோ வந்தால். அப்புறம், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால். இந்தக் கடைசி விஷயத்தை நாம் டாக்டரிடம் சொல்வதே இல்லை. அவர் கேட்டாலும், "அது விதி டாக்டர்" என்று முடித்துவிடுகிறோம்.

வீட்டில் நாடி பார்ப்பது எப்படி?

ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த நமக்குத் தாளம் தப்புவது தெரியாமல் போகாது.

அம்மாவுக்கு 68 வயது. நாடி தாறுமாறாக இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எதற்கு 'ரத்தம் கரைக்கும் மாத்திரை'?

அது எட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கும். மேலறை சரியாகச் சுருங்காததால் ரத்தம் அங்கே ஒரு மூலையில் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. தொல்லை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. முகம் கோணி, பேச்சு குழறிய பிறகுதான் துடிப்பு தாறுமாறு என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை உண்மையில் ரத்தத்தைக் கரைப்பதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. பழைய மாத்திரையான வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் என்ற ரத்தச் சோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். புதிய மாத்திரைகளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை, ஆனால் ஒரு வேளைகூட விடக் கூடாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் இவற்றைக் கணக்கிட்டுத்தான் யாருக்கு மாத்திரை என்று முடிவு செய்வார்கள். "ஆஸ்பிரின் போதாதா?" என்று கேட்பார்கள். இந்தக் கோளாறுக்குப் போதாது.

கீரையை நிறுத்தச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரையோ கங்கோங்கோ, வாரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவில் சாப்பிட்டு வாருங்கள். ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் கீரை என்றால் ஐஎன்ஆர் ஆடிப்போகும். முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் பெயர் தெரியாத வேர்த்தூள், இவைதான் உண்மையான எதிரிகள்.

தீபாவளிக்கு மறுநாள் அப்பாவுக்குத் துடிப்பு எகிறியது. வருடத்தில் ஒரு நாள்தானே குடிக்கிறார்?

அந்த ஒரு நாளுக்கே மருத்துவர்கள் 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் அதிகம் குடித்தால், நல்ல இதயமும் எட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் போகலாம். பீராக இருந்தாலும் சம்சு என்ற மலிவுச் சாராயமாக இருந்தாலும் இதயத்துக்கு வித்தியாசம் தெரியாது. சம்சுவில் வேறு விஷங்கள் கலந்திருந்தால் அது தனிக் கதை.

வார்ஃபரின் எடுக்கிறேன். தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா?

இந்தக் கேள்வியை எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் தை பிறக்கும் முன்பே என் வாசலுக்கு வந்துவிடும்.

குத்த வேண்டாம். நேர்த்திக்காகச் சிலர் தாங்களாகவே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துகிறார்கள். அது இன்னும் மோசம். அந்த வாரத்திலேயே கட்டி கிளம்பலாம். செயற்கை வால்வோ, துடிப்பைத் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் கருவியோ வைத்தவர்களுக்கு இன்னொரு பயம்: குத்திய இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி, வால்விலோ வயரிலோ குடியேறிவிடும். பால்குடம் எடுங்கள். முருகன் கணக்குப் பார்ப்பவர் இல்லை.

விரதத்துக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்சாரம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் நீண்ட க்யூடி என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களும், நீர் மாத்திரை எடுப்பவர்களும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நடந்தால் உடம்பில் உப்பும் பொட்டாசியமும் குலையும். துடிப்பும் சேர்ந்து குலையும். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

என் மகளுக்குச் சும்மா இருக்கும்போதே 190 அடிக்கிறது. பத்து நிமிடத்தில் சுவிட்ச் போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. கிளினிக் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது.

'எஸ்விடி' போல இருக்கிறது. மேலே சொன்ன திருட்டு வழிதான். துடிப்பு நடக்கும்போதே இசிஜி எடுத்தால்தான் பிடிபடும் என்பதால், வந்தவுடன் அருகில் உள்ள எந்தக் கிளினிக்கிலாவது எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்குத் தங்க மதிப்பு.

எஸ்விடி என்று டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு வீட்டிலேயே செய்ய ஒரு உபாயம் உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். முடித்தவுடன் மல்லாந்து படுக்க, இன்னொருவர் இரண்டு கால்களையும் 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-இல் வந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் துடிப்பு சீரானது. வெறுமனே ஊதியவர்களில் 17 விழுக்காடுதான். கண்ணை அழுத்துவது, கழுத்தைத் தேய்ப்பது போன்ற வேலைகள் வேண்டாம். அடிக்கடி வந்தால், தொடையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்த வழியைச் சுட்டு அடைத்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்தது.

நல்லா இருந்த ஆள் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பேய் அமுக்கியது என்கிறார்கள். உண்மையில் என்ன?

இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1986-இல் என் சின்ன அண்ணனுக்கு 27 வயது. செம்பனைக் குலை வெட்டுபவர், குடிக்க மாட்டார். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவரிடமிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்ததாக அண்ணி சொன்னார். பெரட்டுக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்த முனியாண்டிக்குப் படையல் தவறிவிட்டது என்றார்கள். டிரஸரான அப்பாவுக்கே காரணம் தெரியவில்லை. ஒரு வருடம் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

2009-இல் அந்த அண்ணன் மகன், 24 வயது, டெங்கிக் காய்ச்சலோடு வார்டில் படுத்திருந்தபோது மயங்கிவிட்டான். இசிஜி எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உங்கப்பா எப்படி இறந்தார்?"

புரூகாடா நோய்க்குறி. இதயச் செல்லில் சோடியம் போய்வரும் வழியில் பிறவிக் கோளாறு. பெட்ரோ, ஜோசப் புரூகாடா என்ற ஸ்பானியச் சகோதரர்கள் 1992-இல்தான் இதை விவரித்து எழுதினார்கள். 1986-இல் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தென்கிழக்கு ஆசியாவில் இது மற்ற இடங்களைவிட அதிகம், ஆண்களுக்கே பெரும்பாலும் வெளிப்படுகிறது, உயிர் போவது அநேகமாக ஓய்விலோ தூக்கத்திலோ. பிலிப்பைன்ஸில் 'பங்குங்கோட்', தாய்லாந்தில் 'லாய் தாய்', ஜப்பானில் 'பொக்குரி' என்று நோய் தெரியும் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். தாய்லாந்துக் கிராமங்களில் விதவைப் பேய் வந்து ஆண்களைக் கொண்டுபோகிறது என்று நம்பினார்கள். 1980-களில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்த தாய்லாந்துக்காரர்கள் பலர் இப்படித்தான் தூக்கத்தில் இறந்தார்கள். நம் முனியாண்டி மட்டும் தனியாக இல்லை.

காய்ச்சல் இந்த நோயைத் தூண்டிவிடும். அதனால் புரூகாடா உள்ளவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே பாராசிட்டமால், இறங்காவிட்டால் மருத்துவமனை. அதிகக் குடி கூடாது. சில மாத்திரைகளும் மயக்க மருந்துகளும் ஆகாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் நோயைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் மகனுக்கு ஐசிடி வைத்தார்கள். இதயம் நடுங்கினால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துத் திருப்பும் கருவி அது. இதுவரை ஒரே ஒரு முறை அடித்திருக்கிறது. "குதிரை உதைச்ச மாதிரி இருந்துச்சு அத்தை" என்றான். உதைத்தது என்பதால்தான் சொல்ல இருக்கிறான்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டு, கைகால் அசைக்க முடியாமல், மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பது வேறு. அந்த 'அமுக்குவான்' மூளை முழித்த பிறகும் தசை முழிக்காத நிலை. பயமாக இருக்கும், ஆனால் உயிரை எடுக்காது.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் எல்லாருக்கும் வருமா?

இந்த நோய்களில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. வந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெளிப்படாது. அப்பா 80 வயது வரை இருந்திருப்பார், மகன் 20-இல் விழுந்திருப்பான்.

இவற்றில் அடிக்கடி காணப்படுவது இதயத் தசை தடிக்கும் நோய், ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு. 2003-இல் மைதானத்திலேயே இறந்த கெமரூன் ஆட்டக்காரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இதுதான். குழந்தையாக இருக்கும்போது எக்கோ என்ற இதய ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பலருக்கு மீசை முளைக்கும் வயதில்தான் தசை தடிக்கத் தொடங்கும். "ஒரு தடவை பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை" என்று விட முடியாது. வளரும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்வார்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சேதி. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் காணாமல் போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்ட மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. படித்தவர்கள் பயந்து எனக்கு ஃபோன் செய்தார்கள். அதைச் சுமப்பவர்களில் நிறையப் பேர் நோயில்லாமலே வாழ்கிறார்கள். இருக்கிறது என்று கேட்டவுடன் சாக வேண்டாம். எக்கோ எடுத்துப் பாருங்கள்.

அக்காள் மகளைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் வருமா?

முன்பு சொன்ன நோய்கள் சொந்தம், அசல் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வரும் நோய்களும் உண்டு. 1957-இல் நார்வேயில் விவரிக்கப்பட்ட ஒன்றில், பிள்ளை பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும், நீண்ட க்யூடியும் இருக்கும், அழும்போதும் ஓடும்போதும் மயங்கி விழும். பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 விழுக்காடு. தாய்மாமனும் மருமகளும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு அசலாரைவிட அதிகம்தானே? மலேசியாவின் 1976 திருமணச் சட்டம் இந்துக்களுக்குத் தாய்மாமன் கல்யாணத்தை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதும் மரபணு அனுமதிப்பதும் ஒன்றில்லை. காது கேளாத பிள்ளைக்கு அடிக்கடி மயக்கம் வந்தால், வலிப்பு என்று நினைத்து விடாமல் ஒரு இசிஜி எடுங்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். மறைத்துச் செய்த கல்யாணம், முதல் பிரசவ வார்டில் வெளிவரும். அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

மெரெந்தாஸ் டேசா என்ற பள்ளிக் குறுக்கோட்டத்தில் மகன் விழுந்துவிட்டான். வெயில் என்றார்கள்.

வெயிலில் வெகு நேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சரிவது சாதாரண மயக்கம். பள்ளிக்கூட அசெம்பிளியில் வாரம் ஒரு பிள்ளை விழும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டிய மரம் போல விழுவது வேறு. நீந்தும்போது, பயந்தபோது, அலாரம் அடித்த சத்தத்தில் விழுவதும் அப்படித்தான். நீண்ட க்யூடியின் வகைகளுக்கு இவைதான் தூண்டுதல்கள். இசிஜி, எக்கோ இரண்டும் முடியும்வரை ஓட விடாதீர்கள். ஆசிரியர் சொன்னாலும், பதக்கம் போனாலும்.

நீண்ட க்யூடி என்று தெரிந்தால், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், டோம்பெரிடோன் போன்ற சாதாரண மருந்துகளே ஆபத்தாகலாம். பட்டியலைப் பையில் வைத்திருங்கள். இருமலுக்குக் கிளினிக் போகும்போதும் காட்டுங்கள்.

எங்கே பார்ப்பது? எவ்வளவு ஆகும்?

முதலில் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). இசிஜி அங்கேயே எடுக்கலாம், பத்து நிமிட வேலை, வலி இல்லை. சந்தேகம் இருந்தால் கடிதம் கொடுத்து ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் தேசிய இதயக் கழகத்துக்கு, நாம் சொல்லும் ஐஜேஎன்னுக்கு. காத்திருப்பு இருக்கும்.

போகும்போது ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள்: யார் 40 வயதுக்குள் இறந்தார்கள், எப்படி? ஆற்றில் மூழ்கியவர், தனியாக மோட்டாரில் போய் மரத்தில் மோதியவர், தொட்டிலில் போன குழந்தை, எல்லாரையும் எழுதுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஏன் மூழ்கினார் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இந்தத் தாளை எழுத வயதான பாட்டி ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்போதே எழுதுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்த பிறகு வேலை செய்யலாமா?

செய்யலாம். உலகில் முதன்முதலில், 1958-இல், உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட சுவீடன்காரர் ஆர்னே லார்சன் 2001 வரை வாழ்ந்தார். இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றினார். கைப்பேசியை எதிர்ப்பக்கக் காதில் வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். புல் வெட்டும் மெஷின் ஓடும்போது எஞ்சினை நெஞ்சோடு அணைக்காதீர்கள். வெல்டிங் வேலை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

யாரும் கேட்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். கருவி வைத்தவர் இறந்தால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். நெருப்பில் பேட்டரி வெடிக்கும். சவ அடக்கம் செய்ய வருபவரிடமும் மருத்துவமனையிலும் சொல்லுங்கள். சின்னக் கீறல்தான். ஐசிடி என்றால் முதலில் அணைத்த பிறகே எடுக்க வேண்டும். அழுகைக்கு நடுவில் இது யாருக்கும் ஞாபகம் வராது, ஆகவே வீட்டில் ஒருவருக்காவது இப்போதே தெரிந்திருக்கட்டும்.

கண் முன்னே ஒருவர் விழுந்தால்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு இல்லை என்றால் 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். குறட்டை போல, மீன் வாயைத் திறப்பது போல விட்டுவிட்டு வரும் சத்தம் மூச்சு இல்லை. என் அண்ணி கேட்டது அதைத்தான்.

தண்ணீர் தெளிக்காதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், இரும்பு கையில் கொடுக்காதீர்கள். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உறுமி மேளம் வேகம் பிடிக்கும் முன் அடிக்கும் சீரான அடி மாதிரி. விலா எலும்பு உடைந்தாலும் நிறுத்த வேண்டாம். ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆகவே வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் ஏஈடி பெட்டி எங்காவது இருந்தால் ஒருவரை ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லுங்கள். திறந்தவுடன் அதுவே என்ன செய்வது என்று பேசும். 2021-இல் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் விழுந்து பிழைத்தது இந்த இரண்டாலும்தான்.

ஆம்புலன்ஸ் தோட்டத்து மண் சாலையில் வழி தேடிக்கொண்டிருக்கும். ஒரு பையனை மோட்டாரில் மெயின் ரோட்டு முனைக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள்.